ஐந்து தரம் அழுத்துங்கோ

புதன்கிழமை என்றால் அந்த வைத்தியசாலையில் சீனி வருத்தக்காரருக்கும் பிரசர்காரருக்கும் கிளினிக். ஏழரை மணிக்கே பதிவு யன்னலுக்கு முன்னால் வரிசை வேம்பு மரம் வரை நீண்டுவிடும். யன்னலுக்கு உள்ளே பிரேமிளா கணினியைப் போட்டுவிட்டுக் கதிரையை இழுத்து உட்கார்ந்தாள். கடவுச்சொல் கேட்கும் திரை வந்தது. இடது கையால் அடித்தாள். திரையில் ஒரு புள்ளிகூட விழவில்லை. இன்னொரு முறை அடித்தாள். விசைப்பலகையின் மூலையில் வழமையாக எரியும் சின்னப் பச்சை வெளிச்சமும் இல்லை.

"என்ன பிள்ளை, இன்னும் துறக்கேல்லையோ?" என்று வரிசையின் முன்னால் நின்ற ஒருவர் கேட்டார்.

"கொஞ்சம் பொறுங்கோ ஐயா. கீபோட் வேலை செய்யுதில்லை."

பிரேமிளாவுக்கு முப்பத்தாறு வயது. அவளுடைய தகப்பன் வீரையா மலையகத்துத் தோட்டமொன்றிலிருந்து இளவயதில் வன்னிக்கு வந்து, காடு வெட்டித் தோட்டம் செய்து, மாங்குளத்துக்குக் கிட்டவே நிலைத்துப்போனவர். பிரேமிளா இங்கேதான் பிறந்தாள். இரண்டாயிரத்து ஒன்பதில், கடைசி யுத்தத்தில், இருபதாவது வயதில், வலது கை முழங்கைக்குக் கீழே போய்விட்டது. அதற்குப் பிறகு இடது கையால் எழுதப் பழகினாள், சமைக்கப் பழகினாள், கிளிநொச்சியில் கணினி வகுப்புக்குப் போய்ச் சான்றிதழும் எடுத்தாள். போன வருடம்தான் இந்த வேலை கிடைத்தது. தற்காலிக வேலைதான். ஆனாலும் காலையில் சேலையைக் கட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்கும்போது அவளுக்கு நிமிர்ந்து நிற்க வரும்.

இந்த மாதம்தான் அந்த நிமிர்வு கொஞ்சம் ஆட்டம் கண்டிருந்தது. பழைய பதிவுப் புத்தகங்களில் இருக்கும் நோயாளர் பெயர்களையெல்லாம் மாத முடிவுக்குள் கணினியில் ஏற்ற வேண்டும், அடுத்த மாதத்திலிருந்து ஒவ்வொருவருக்கும் இலக்கத்தோடு அட்டை கொடுக்கப்போகிறோம் என்று பொறுப்பு வைத்தியர் ஜெயந்தன் சொல்லியிருந்தார். ஆறு புத்தகங்கள். பிரேமிளாவால் மணிக்குப் பதினைந்து பெயர்தான் அடிக்க முடிந்தது.

எழுத்து தெரியாமல் அல்ல. அவளை வாட்டியது ஷிப்ட் விசை. அவள் பழகிய தமிழ்த் தட்டச்சு முறையில் கு, மு, ரு, பு என்று உகரம் ஏறிய எழுத்து எதுவானாலும் ஷிப்டை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் எழுத்தை அடிக்க வேண்டும். வலது கையின் மிச்சப் பகுதியை விசைப்பலகையில் ஊன்றுவதற்கு அவள் உடம்பையே மேசைமேல் சரிப்பாள். ஊன்றினால் ஷிப்டோடு பக்கத்து விசையும் சேர்ந்து அமுங்கும். அழித்துவிட்டு மறுபடி சரிவாள். முருகுப்பிள்ளை என்று ஒரு பெயர் வந்தால் மூன்று தரம் சரிய வேண்டும். அந்த நேரத்தில் யன்னலுக்கு வெளியே நிற்பவர்கள் மெல்ல வேறு பக்கம் பார்ப்பார்கள். இரக்கத்தில்தான் பார்க்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். முறைத்துப் பார்த்திருந்தால்கூட அவ்வளவு நொந்திருக்காது.

"ஏலாட்டிச் சொல்லுங்கோ பிரேமிளா. வேற ஆரையும் கேட்டுப் பாப்பம்," என்று போன கிழமை ஜெயந்தன் டொக்டர் அன்பாகத்தான் சொன்னார். அந்த அன்பைக் கேட்ட நாளிலிருந்து அவளுக்குச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை.

இன்றைக்கு விசைப்பலகையும் செத்துப்போயிற்று. வேறு வழியில்லாமல் கொப்பியை எடுத்துக் கையால் எழுதத் தொடங்கினாள். பத்துப் பன்னிரண்டு பேர் போனபின் ஒரு வயதான முஸ்லிம் பெண் யன்னலுக்கு வந்தார். கூட அவருடைய மகன், நாற்பது வயது மதிக்கத்தக்கவர், தாயின் கிளினிக் புத்தகத்தை நீட்டினார். சபூறா உம்மா. மாதம் தவறாமல் வருபவர்.

"கொம்பியூட்டர் பழுதோ மிஸ்?"

"கீபோட் செத்துப்போச்சு."

"நான் ஒருக்கா பாக்கட்டா? மாங்குளம் சந்தியில கொம்பியூட்டர் திருத்துற கடை வச்சிருக்கிறன். றம்சீன் எண்டு பேர்."

பிரேமிளா டொக்டரிடம் ஓடிப்போய்க் கேட்டுவிட்டு வந்தாள். டொக்டர் இருந்த இடத்திலிருந்தே, அலுமாரியின் கீழ்த்தட்டில் புது விசைப்பலகை ஒன்று பெட்டி உடைக்காமல் கிடக்கிறது, அதையும் கொடுங்கள் என்றார். வரிசையைத் தாதி ராஜினி பார்த்துக்கொள்ள, றம்சீன் உள்ளே வந்தார். சபூறா உம்மாவுக்கும் ஒரு கதிரை கிடைத்தது.

றம்சீன் முதலில் மவுசால் கணினியை முறைப்படி நிறுத்தினார். பிறகு மேசைக்கு அடியில் தலையை விட்டுப் பழைய விசைப்பலகையின் வயரைத் தடவிக்கொண்டு போய், பின்பக்கத்திலிருந்து பிடுங்கி எடுத்தார். முனையில் வட்டமான செருகி. உள்ளே ஊசிபோல் சின்னக் கால்கள். அதில் ஒன்று மடிந்து கிடந்தது.

"இஞ்ச பாருங்கோ. கால் ஒண்டு மடிஞ்சு போச்சு. ஆரோ திருப்பி வச்சு இறுக்கியிருக்கினம்."

பிரேமிளாவின் முகம் சுண்டிவிட்டது. "நான்தான். நேற்றுப் பின்னேரம் நிலம் கழுவேக்க கழட்டிப்போட்டு நான்தான் திரும்பச் செருகினனான். இறுக்கமாத்தான் இருந்தது. அமத்திப்போட்டன்."

"இந்த வட்டச் செருகி ரெண்டு கைக்காரருக்கே சரியா மாட்டாது மிஸ். கண்ணுக்குத் தெரியாத இடத்தில துளை. அதை விடுங்கோ."

கணினியைத் திரும்பப் போட்டுவிட்டு, பெட்டியை உடைத்துப் புதியதை எடுத்தார். அதற்குச் செருகி தட்டை. யூஎஸ்பி. கணினியின் முன்பக்கத்து வாயில் செருகிப் பார்த்தார், வெளிச்சம் வரவில்லை. "முன்னுக்கு இருக்கிறது வேலை செய்யாது போல," என்று சொல்லிவிட்டு மறுபடி மேசைக்கு அடியில் போனார். பின்பக்க வாயில் செருகினதும் விசைப்பலகையின் மூலையில் பளிச்சென்று நீல வெளிச்சம் வந்தது. சபூறா உம்மா கதிரையிலிருந்தபடியே "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். யன்னலுக்கு வெளியே இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

"கடவுச்சொல்லை நீங்க அடிங்கோ. நான் அங்கால பாக்கிறன்."

அடித்தாள். திறந்தது. தமிழ் எழுத்து முறை முந்தி இருந்தபடியே கணினிக்குள் இருந்தது. ஆனால் புது விசைகளில் ஆங்கில எழுத்து மட்டும்தான் அச்சாகியிருந்தது.

"தமிழ் எழுத்து ஒட்டேல்லையே. ஸ்டிக்கர் கடையில கிடக்கு, கொண்டந்து தரட்டா?"

"தேவையில்லை. எனக்கு இடம் தெரியும்."

றம்சீன் அவளை மதிப்போடு ஒரு தரம் பார்த்தார். "அப்ப உம்மாட பேரை அடிச்சுப் பாருங்கோ, சரியோ எண்டு."

ச விழுந்தது. அடுத்தது பூ. பிரேமிளா வழமைபோல் மேசைமேல் சரிந்து வலது கையின் நுனியை ஷிப்டில் ஊன்றினாள். புதிய விசைப்பலகை பழையதைப்போலக் கனமில்லை. ஊன்றியதும் வழுக்கிக்கொண்டு போய்த் திரையின் அடியில் முட்டியது. இழுத்து வைத்துக்கொண்டு திரும்ப ஊன்றினாள். திரும்ப வழுக்கியது. மூன்றாம் தரம் பூ வரவேண்டிய இடத்தில் வேறென்னவோ வந்தது. அவளுக்குக் காது இரண்டும் சுட்டது. முன்னால் முழு வரிசையும் நின்றுகொண்டிருந்தது. வரிசை வேறு பக்கம் பார்க்கத் தொடங்கியதை அவள் நிமிராமலே அறிந்தாள்.

றம்சீன் வேறு பக்கம் பார்க்கவில்லை. மடிந்துபோன அந்தச் செருகியைப் பார்த்த அதே கவனத்தோடு அவளுடைய கையையும், ஷிப்டையும், வழுக்கும் பலகையையும் பார்த்துக்கொண்டு நின்றார்.

"மிஸ், ஒண்டு கேக்கிறன். எழுத்து அடிக்கிறது பிரச்சினை இல்லை. ஷிப்டைப் பிடிச்சுக்கொண்டே இருக்கிறதுதான் கரைச்சல். அப்பிடியோ?"

வகுப்பில் படிப்பித்தவர் கேட்கவில்லை. டொக்டர் கேட்கவில்லை. அவளும் யாருக்கும் சொன்னதில்லை. கையில்லாதவளுக்குக் கணினி கஷ்டம் என்று எல்லோரும் மொத்தமாக எடுத்துக்கொண்டார்கள், அவளும் அப்படியே எடுத்துக்கொண்டாள்.

"ஓம்," என்றாள். "அது மட்டும்தான்."

றம்சீன் தன் நெற்றியில் தானே அடித்துக்கொண்டார். "யா அல்லாஹ். ஷிப்டை அஞ்சு தரம் அழுத்துங்கோ."

"என்ன?"

"பிடிக்க வேண்டாம். ஒரு விரலால சும்மா தட்டுங்கோ. அஞ்சு தரம்."

இடது கைச் சுண்டுவிரலால் தட்டினாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. கணினி கூவென்று ஒரு சத்தம் போட்டுவிட்டு ஒரு சின்னப் பெட்டியைக் காட்டியது. வேண்டுமா, வேண்டாமா என்று ஆங்கிலத்தில் கேட்டது. "ஓம் எண்டு குடுங்கோ," என்றார் றம்சீன். கொடுத்தாள்.

"இப்ப ஷிப்டை ஒருக்காத் தட்டிப்போட்டுக் கையை எடுங்கோ. எடுத்தீங்களோ? இனி எழுத்தைத் தட்டுங்கோ."

தட்டினாள். பு வந்தது. எதையும் ஊன்றாமல், சரியாமல், கதிரையில் நேராக இருந்தபடி. பிறகு மீண்டும் ஷிப்டைத் தட்டி, நீட்டல் குறியை அடித்து, அதைப் பூ ஆக்கினாள். றாவுக்கு ஷிப்டே தேவைப்படவில்லை. சபூறா.

"இது எப்பவும் இதுக்குள்ள இருந்ததோ?" என்று கேட்டாள்.

"எல்லாக் கொம்பியூட்டரிலயும் இருக்கு மிஸ். என்ர கதையைக் கேளுங்கோ. பிள்ளையள் விளையாட்டுக்கு ஷிப்டைத் தட்டி இதைத் துறந்து விட்டிடுங்கள். தாய் தகப்பன், எழுத்து பிழையா விழுது எண்டு தூக்கிக்கொண்டு வருவினம். நான் நிப்பாட்டிக் குடுப்பன். பத்து வருஷமா எத்தினை பேருக்கு நிப்பாட்டிக் குடுத்திருப்பன்! இந்தச் சனியனை என்னத்துக்கு வச்சிருக்கிறாங்கள் எண்டு ஏசியும் இருக்கிறன். இண்டைக்குத்தான் முதல் தரம் ஒராளுக்குப் போட்டுக் குடுக்கிறன்."

சொல்லிவிட்டு வெளியே போனார். தன் மோட்டார் சைக்கிள் பெட்டியிலிருந்து பழைய டியூப் துண்டொன்றை எடுத்து வந்து, அதை நான்காக வெட்டி, விசைப்பலகையின் நான்கு மூலைக்கும் அடியில் வைத்தார். பலகை மேசையோடு ஒட்டினாற்போல் நின்றது. அதை இடப்பக்கமாகக் கொஞ்சம் தள்ளி, அவளுடைய இடது கை தோளிலிருந்து நேராக இறங்கும் இடத்தில் வைத்துப் பார்த்தார். "இப்ப சரியோ? இன்னும் தள்ளட்டா?" என்று இரண்டு தரம் கேட்டார்.

"சரி நானா," என்றாள், முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடும் முறையில். வரிசை காத்திருந்தது. சபூறா உம்மா போகும்போது அவளுடைய தலையில் கைவைத்து, "அல்லாஹ் உங்களுக்கு லேசாக்கி வைக்கட்டும் மகள்," என்றார். நன்றி என்று ஒரு சொல் சொல்லவில்லையே என்பது பின்னேரம் பஸ்ஸில் ஏறிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

அன்றைக்கு வீட்டுக்கு வந்தவளை வீரையா ஏற இறங்கப் பார்த்தார். எத்தனை வருடம் வன்னியில் இருந்தாலும் அவருடைய பேச்சு மலையகத்துப் பேச்சாகவே இருந்தது.

"என்னா புள்ள, மொகமெல்லாம் வெளிச்சமா இருக்கு? சம்பளத்த கூட்டிட்டாங்களா?"

"இல்லையப்பா. ஷிப்ட் பிடிக்கத் தேவையில்லையாம்."

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் மகள் இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு நாள் நன்றாகப் போனது. மணிக்குப் பதினைந்து பெயர் அடித்தவள் முப்பது, முப்பத்தைந்து என்று அடித்தாள். வெள்ளிக்கிழமை மத்தியானம் எல்லாம் நின்றது. ஷிப்டைத் தட்டிவிட்டு எழுத்தை அடித்தால் வெறும் எழுத்துத்தான் வந்தது. ப வந்தது, பு வரவில்லை. ஐந்து தரம் தட்டினாள், திரும்ப வந்தது. பத்து நிமிடத்தில் மறுபடி போனது. இப்படியே நாலைந்து தரம். சபூறா உம்மாவின் பதிவில் றம்சீனின் போன் இலக்கம் இருந்தது. ஆனால் எடுக்க மனம் வரவில்லை. தன் வேலையை விட்டுவிட்டு மேசைக்கு அடியில் தவழ்ந்த மனிதரை மறுபடியும் கரைச்சல்படுத்துவதா? நன்றிகூடச் சொல்லாதவள் எந்த முகத்தோடு உதவி கேட்பது? ஒரு மணி நேரம் யோசித்துவிட்டுப் போன் எடுத்தாள்.

போனின் அந்தப் பக்கத்தில் லொறிச் சத்தம் கேட்டது. "சொல்லுங்கோ மிஸ்!" என்று கத்தினார் றம்சீன். அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு, "கை தவறி ரெண்டு விசையை ஒரேயடியா அமத்துறீங்களோ?" என்றார்.

யோசித்தாள். வேகம் கூடியதிலிருந்து அவசரத்தில் ஷிப்டும் எழுத்தும் சேர்ந்து அமுங்குவது உண்டுதான். "ஓம், அமுங்குது."

"அதுதான். ரெண்டு ஒண்டா அமுங்கினா, இவவுக்கு ரெண்டு கையும் இருக்கு எண்டு நினைச்சுக்கொண்டு அது தானா நிண்டிடும். இருங்கோ, றோட்டை விட்டுக் கொஞ்சம் தள்ளிப் போறன்." லொறிச் சத்தம் குறைந்தது. எந்த இடத்தைத் திறக்க வேண்டும், எத்தனையாவது வரியில் ஒரு சரி அடையாளம் இருக்கும், அதை எப்படி எடுத்துவிட வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அவள் பிழையான இடத்துக்குப் போய்விட்டால், "பரவாயில்லை, திரும்பி வாங்கோ" என்றார். மூன்று தரம் திரும்பி வந்தாள். கடைசியில் அந்த வரி கண்ணில் பட்டது. அடையாளத்தை எடுத்தாள். வேண்டுமென்றே இரண்டு விசையைச் சேர்த்து அழுத்திப் பார்த்தாள். நிற்கவில்லை.

"நிக்கேல்லை நானா! நிக்கேல்லை!"

"இனி நிக்காது. ஆ, இது எனக்கும் முந்தித் தெரியாது. அண்டைக்கு வீட்டை போய், உங்களுக்கெண்டு தேடிப் படிச்சனான்."

மறுமொழி சொல்வதற்குள் யாரோ அவரைக் கூப்பிட, போனை வைத்துவிட்டார்.

இருபத்தெட்டாம் திகதி பகல் பதினொரு மணிக்கு ஆறாவது புத்தகத்தின் கடைசிப் பெயரை அடித்து முடித்தாள். ஜெயந்தன் டொக்டர் வந்து திரையைக் கீழே கீழே உருட்டிப் பார்த்தார். எழுத்துப் பிழை தேடியவர்போல் நின்று நின்று பார்த்தார். பிறகு பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தார்.

"இன்னொராளைக் கேட்டு நான் ஒரு கடிதம் எழுதி வச்சிருந்தனான் பிரேமிளா. அனுப்பேல்லை. கிழிச்சுப் போட்டன்," என்றார். "உங்களுக்கு என்ன கஷ்டம் எண்டு நான் ஒருக்காக் கேட்டிருக்க வேணும். ஏலுமோ ஏலாதோ எண்டு மட்டும்தான் கேட்டன்."

"நானும் சொல்லேல்லை டொக்டர்."

"இனிச் சொல்லுங்கோ."

சனிக்கிழமை அவளும் வீரையாவும் மாங்குளம் சந்தியில் பஸ்ஸால் இறங்கினார்கள். வீரையாவின் கையில் ஒரு சாக்குப் பை. அவருடைய தோட்டத்துக் கச்சான் கடலை, முதல் நாள் பிடுங்கிக் காயவைத்தது. கடையைத் தேட வேண்டியிருக்கவில்லை. இரண்டு தேநீர்க் கடைகளுக்கு நடுவில், வாசலில் பழைய திரைகள் அடுக்கியபடி இருந்தது. உள்ளே றம்சீன் இல்லை. அவருடைய மனைவி ஷிஹானா இருந்தாள். பிரேமிளாவைக் கண்டதும் அவளுடைய பார்வை கையில் ஒரு கணம் தங்கி, முகத்துக்கு வந்தது.

"அவர் சாமான் எடுக்க வவுனியா போயிட்டார். என்ன பழுது? வச்சிட்டுப் போங்கோ, வந்ததும் பாப்பார்."

"பழுது ஒண்டுமில்லை. நான் ஆசுப்பத்திரியில வேலை செய்யிற பிரேமிளா. கீபோட் நல்லா வேலை செய்யுது எண்டு சொல்லிப்போட்டுப் போக வந்தனான். அப்பா கச்சான் கொண்டந்திருக்கிறார்."

ஷிஹானாவுக்கு அது உடனே பிடிபடவில்லை. "வேலை செய்யுது எண்டு சொல்லவோ?" என்று திருப்பிக் கேட்டாள். பிறகு ஒரு கதிரையை இழுத்துப் போட்டாள். இன்னொன்றை வீரையாவுக்குப் போட்டாள்.

"இருங்கோ. இருங்கோ. இடம்பெயர்ந்து இருந்த புத்தளத்தில இருந்து திரும்பி வந்து இந்தக் கடையைத் துறந்து பதினொரு வருஷம். பழுதெண்டா ஓடி வருவாங்க. திருத்தினது திரும்பப் பழுதெண்டா சண்டைக்கு வருவாங்க. சரியா இருந்தா ஒருத்தரும் வாறதில்ல, ஏன் வரணும்? அவர் சொல்லுவார், நான் திருத்தினது எல்லாம் ஓடுதோ இல்லையோ எண்டு எனக்கே தெரியாது எண்டு. அண்டைக்கு ஆசுப்பத்திரியில இருந்து வந்து உங்கட கதைதான். மாமிக்கும் அதே கதைதான்."

சொல்லிக்கொண்டே போனை எடுத்தாள். மணி அடிப்பது பிரேமிளாவுக்கும் கேட்டது.

"எங்க நிக்கிறீங்க? இஞ்ச, ஆசுப்பத்திரி மிஸ் வந்திருக்கா. இல்ல, பழுதில்ல… இல்லயெண்டு சொல்றனே, ஒண்டும் பழுதில்ல. நல்லா வேலை செய்யுது எண்டு சொல்ல வந்திருக்கா… ஓம், அதுக்குத்தான் வந்தது. வேற ஒண்டுக்கும் இல்ல."

ஷிஹானா சிரித்துக்கொண்டு போனைப் பிரேமிளாவிடம் நீட்டினாள். பிரேமிளா அதை வாங்கிக் காதில் வைத்தாள்.

"நானா, அண்டைக்கு நான் சொல்லாமல் விட்டிட்டன். நன்றி."

"நீங்க இவ்வளவு தூரம் வந்தீங்களே மிஸ், அதுக்கு நான்தான் சொல்லணும்," என்றார் றம்சீன். "தேத்தண்ணி குடிச்சிட்டுத்தான் போகணும். அப்பாவை விட்டிடாதீங்கோ எண்டு ஷிஹானாட்டச் சொல்லுங்கோ."

சொல்லத் தேவை இருக்கவில்லை. ஷிஹானா ஏற்கெனவே பக்கத்துக் கடைக்கு மூன்று தேநீருக்குச் சொல்லிவிட்டு, சாக்குப் பையை அவிழ்த்து, வீரையாவோடு கச்சான் உடைக்கத் தொடங்கியிருந்தாள்.